70க்கு 30: பாலிமர் கலவைகளின் மீதிக்கதை

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே வழவழவென்று வெள்ளையாக ஒரு சுவர் தெரிகிறதே, அதை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்வாங்கும், விட்டால் திரும்பிவிடும். இப்போது பரணில் கிடக்கும் பழைய சி.டி. பெட்டி ஒன்றை எடுத்து அதே மாதிரி அழுத்துங்கள். (வேண்டாம், கையைக் கிழித்துவிடும். நான் சொல்வதை நம்பினால் போதும்.) படக்கென்று உடையும். இரண்டும் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: பாலிஸ்டைரீன். ஃபிரிட்ஜ் சுவரில் மட்டும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு வரை ரப்பர் சேர்த்திருப்பார்கள். சில கம்பெனிகள் ஏபிஎஸ் போடுவதும் உண்டு. அதுவும் இதே குடும்பம்தான்.

ரப்பர் சேர்த்தால் உடையாது, அவ்வளவுதானே விஷயம்?

அவ்வளவுதான் விஷயம் என்றால் இந்த பிளாஸ்டிக் 1927இலேயே கடைக்கு வந்திருக்க வேண்டும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவான் ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி என்ற வேதியியலாளர் அந்த வருடம் ஒரு காப்புரிமை வாங்கினார். ஸ்டைரீன் என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, அப்படியே ஸ்டைரீனைப் பாலிமராக்குவது அவர் முறை. கிடைத்த பொருள் உடையாமல் தாக்குப்பிடித்தது, சரிதான். ஆனால் உருக்கி வார்க்க முடியவில்லை. உருகி ஓடாத பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு டம்ளர் செய்வதா, பொம்மை செய்வதா? திட்டம் அப்படியே நின்றுபோனது. டவ் கெமிக்கல் கம்பெனியின் ஆமோஸும் அவரது இரண்டு சகாக்களும் 1954இல் வாங்கிய காப்புரிமையில்தான் விடை வந்தது. அதே ஸ்டைரீன், அதே மாதிரி ரப்பர். புதிதாக அவர்கள் சேர்த்தது ஒன்றே ஒன்று: பாலிமராகிக்கொண்டிருக்கும்போது கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி விஷயத்தில் தாழி உடையவில்லை. கடையவே இல்லை, அதுதான் பிரச்சினை.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. பாலில் தண்ணீர்தான் ஊர், கொழுப்பு அதில் மிதக்கும் துளிகள். வெண்ணெயில் தலைகீழ்: கொழுப்புதான் ஊர், தண்ணீர் அதில் சிக்கிய துளிகள். ஊரும் துளியும் இடம் மாறுவதற்கு மத்தின் அடி தேவைப்படுகிறது. ஸ்டைரீன் உலைக்குள் நடப்பதும் இதேதான். ஆரம்பத்தில் ரப்பர்க் கரைசல்தான் ஊர். ஸ்டைரீன் மெல்ல மெல்லப் பாலிஸ்டைரீனாக மாறும்போது அது ரப்பரோடு ஒட்டாமல் பிரிந்து துளிகளாக நிற்கிறது. துளிகளின் மொத்த அளவு கூடிக்கூடி ரப்பர்ப் பக்கத்தை எட்டித் தாண்டும் நேரத்தில் கலக்கிக்கொண்டிருந்தால் எல்லாம் புரண்டுவிடும். பாலிஸ்டைரீன் ஊராகிவிடும், ரப்பர் துளியாகிவிடும். கலக்காமல் விட்டால்? ரப்பர் வலைபோல எங்கும் தொடர்ந்து நிற்கும், அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், பிறகு எவ்வளவு சூடுபடுத்தினாலும் அந்த வலை உருகாது. 1927க்கும் 1954க்கும் நடுவே நின்றது இந்த ஒரு புரட்டல்தான்.

புரளும்போது இன்னொரு லாபமும் சேர்கிறது. ரப்பர்த் துளிகள் போகிற போக்கில் கொஞ்சம் பாலிஸ்டைரீனையும் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு போகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்காக நறுக்கிய மாதுளம்பழம் மாதிரி இருக்கும். மெல்லிய ரப்பர்த் தடுப்புகள், நடுநடுவே பாலிஸ்டைரீன் முத்துகள். போட்டது சில சதவீத ரப்பர், ஆனால் ரப்பர்போல நடந்துகொள்ளும் பகுதியின் கனஅளவு அதைப்போலப் பல மடங்கு. பக்கத்தில் விரிசல் கிளம்பினால் இந்தத் துளிகள் அதைப் பல நூறு நுண்விரிசல்களாகப் பிரித்துவிடுகின்றன, அடியின் ஆற்றல் அவற்றில் செலவாகிப் போகிறது. ஃபிரிட்ஜ் சுவர் வெள்ளையாக இருப்பதற்கும் ஒரு காரணம் இவைதான். சி.டி. பெட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரப்பர்த் துளிகள் இருந்தால் அவை ஒளியைச் சிதறடித்து மங்கலாக்கிவிடும்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாலிமர் கலவைகள் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளைத் திறந்தால் தலைப்பிலேயே இருப்பது விகிதம்: 70:30, 80:20. எந்த வேகத்தில் கலந்தார்கள், எத்தனை நிமிடம், எப்படிக் குளிரவைத்தார்கள் என்பதெல்லாம் 'செய்முறை' பகுதியில் ரெண்டு வரி. சில கட்டுரைகளில் அந்த ரெண்டு வரியும் இருக்காது. நான் இப்போதெல்லாம் முதலில் படிப்பது அந்த ரெண்டு வரியைத்தான். அது இல்லையென்றால் மீதியைப் படிக்க மனசு வருவதில்லை. இந்தப் பிடிவாதம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் என்று புரிய, கலத்தல் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரைகிறது. ஸ்பூனால் கலக்கினாலும் சரி, அப்படியே விட்டு மறுநாள் வந்து பார்த்தாலும் சரி, கடைசியில் கிடைப்பது ஒரே சர்க்கரைத் தண்ணீர்தான். வழி எதுவானாலும் ஊர் ஒன்று. பாலிமர்கள் அப்படி இல்லை. சிவப்பு, பச்சை என்று இரண்டு நிறப் பாசிமணிகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள், கலந்துவிடும். இப்போது சிவப்பை ஆயிரம் ஆயிரமாக ஒரு நூலில் கோத்துவிடுங்கள், பச்சையையும் அப்படியே. இனி குலுக்கினால் ஒவ்வொரு மணியும் தன் இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. இழுத்தால் ஆயிரமும் கூட வரும். கலப்பதால் கிடைக்கும் சுதந்திரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே துளி வெறுப்பு இருந்தாலே போதும், பிரிந்துவிடும். 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டியது, சுருக்கமாக, இதைத்தான்.

பாலிஎத்திலீனையும் பாலிப்ரொப்பிலீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது பால் கவர், இரண்டாவது பாட்டில் மூடி. இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறொன்றும் கிடையாது. நெருங்கிய பங்காளிகள். பங்காளிகள் என்பதாலோ என்னவோ, ஒட்டுவதே இல்லை. முழுசாகக் கலக்கும் ஜோடிகளும் இருக்கின்றன. பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்ஸைடும் அப்படி ஒன்று, நோரில் என்ற பெயரில் 1960களிலிருந்து விற்கிறார்கள். ஆனால் அவை விதிவிலக்கு.

ஆக, பெரும்பாலான பாலிமர் கலவைகள் உண்மையில் கலந்தவை அல்ல. பிரிந்துபோகத் துடிக்கும் இரண்டு பேரை இயந்திரம் பலவந்தமாக நசுக்கிப் பிடித்து, அவர்கள் பிரிவதற்குள் குளிரவைத்து உறையவைத்த நிலை. பாதி வழியில் எடுத்த போட்டோ என்று சொல்லலாம். எந்த நொடியில் எடுத்தோம், அதற்கு முந்தைய நொடிகளில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து போட்டோ மாறும்.

அந்த நசுக்கல் நடக்கும் இடம் எக்ஸ்ட்ரூடர். சூடாக்கிய உருளைக்குள் இரண்டு திருகுகள் ஒன்றையொன்று தழுவிச் சுழலும். ஒரு பக்கம் குருணை குருணையாக பிளாஸ்டிக் விழும், ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபக்கம் உருகிய கயிறாக வெளியே வரும். 3 மில்லிமீட்டர் குருணை ஒன்று 1 மைக்ரான் துளிகளாக உடைவதாக வைத்துக்கொண்டால், ஒரு குருணையிலிருந்து 2700 கோடி துளிகள். மனக்கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு உடைப்பு எப்படி நடக்கிறது? பெரிய துளி ரெண்டாகி, அது நாலாகி, எட்டாகி என்றுதான் யாருக்கும் தோன்றும். 1990களின் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டும் மகோஸ்கோவும் கலவையை நடுநடுவே நிறுத்தி, உறையவைத்து, ஒரு பாலிமரை மட்டும் கரைத்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தார்கள். பார்த்தது வேறு. குருணை உருகத் தொடங்கும்போது அதன் மேற்பரப்பு மெல்லிய தகடாக வழித்து இழுக்கப்படுகிறது. அந்தத் தகட்டில் ஓட்டைகள் விழுகின்றன. ஓட்டைகள் பெரிதாகித் தகடு சல்லடைத் துணி மாதிரி ஆகிறது. துணி கிழிந்து நூல்களாகிறது, நூல்கள் அறுந்து துளிகளாகின்றன. குழாயிலிருந்து மெல்லிசாக ஒழுகும் தண்ணீர் கீழே போகப்போகத் துளித்துளியாக அறுகிறதே, அதே காரணம்தான்: பரப்பு இழுவிசை. இதில் பெரும்பகுதி உருகும் அந்த முதல் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. திருகை இன்னும் நீளமாக்கி இன்னும் பத்து நிமிடம் சுற்றவிட்டால் துளிகள் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு கட்டத்துக்குமேல் உடைகிற அளவுக்குத் துளிகள் மோதி மறுபடி ஒட்டவும் செய்யும்.

எல்லாத் துளியும் உடையவும் செய்யாது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சோதனை வருகிறது. 1934இல் ஜி.ஐ. டெய்லர் பிரிட்டிஷ் சமையலறையில் புழங்கும் கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகுக்குள் எண்ணெய்த் துளியை விட்டு, பாகை இரண்டு விதமாக ஓடவைத்தார். ஒன்று, எதிரெதிராக ஓடும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே தேய்ப்பது. மற்றது, நான்கு உருளைகளைச் சுழற்றித் துளியை இரண்டு பக்கமும் இழுப்பது. துளி சுற்றியுள்ள பாகைவிட ரொம்பக் கெட்டியாக இருந்தால், தேய்ப்பதில் அது உடையவே இல்லை. சீடை உருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே மாவு சுழலும், உருளும், ஆனால் ரெண்டாகாது. அதே மாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். பிற்பாடு டூபாண்ட் கம்பெனியின் கிரேஸ் 1982இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அளவு சொன்னார்: துளியின் பாகுநிலை வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 4 மடங்குக்குமேல் போய்விட்டால், வெறும் தேய்ப்பால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உடைக்க முடியாது. இழுப்பு வேண்டும். எக்ஸ்ட்ரூடர் திருகுகளில் நடுநடுவே பிசையும் கட்டைகளை வைப்பதற்கு ஒரு காரணம் இதுவே. அவற்றின் இடுக்குகளில் நுழைந்து வெளியேறும்போது உருகல் இழுபடுகிறது.

பாகுநிலை வெப்பநிலையோடு மாறும், இரண்டு பாலிமர்களுக்கும் ஒரே மாதிரி மாறாது. அதனால் உருளையின் சூட்டை 20 டிகிரி ஏற்றி இறக்கினாலே, உடையும் துளி உடையாத துளியாகிவிடலாம். விகிதம் அதே 70:30தான்!

துளி எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்கும் பொதுவிடை கிடையாது. நைலானில் ரப்பர் சேர்க்கும்போது சிறிதாக இருப்பது நல்லது. டூபாண்டில் இருந்த சூஹெங் வூ 1985இல் சொன்னது: பக்கத்துப் பக்கத்துத் துளிகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே போனால் நைலான் திடீரென்று உறுதியாகிறது, அதற்குமேல் இருந்தால் நொறுங்குகிறது. ரப்பரின் அளவைக் கூட்டாமலேயே, துளிகளைச் சிறிதாக்கி இந்த எல்லையைத் தாண்டலாம். பாலிஸ்டைரீனிலோ ரொம்பச் சிறிய துளி பிரயோஜனமில்லை, ஒன்றிரண்டு மைக்ரானாவது வேண்டும். அங்கே அடி தாங்கும் முறையே வேறு.

நன்றாகக் கலந்தால் கெட்டுப்போகும் கலவையும் உண்டு. பாலிஎத்திலீனில் செய்த பெட்ரோல் டேங்கின் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்லக் கசியும். நைலான் கசியவிடாது. ஆகவே பாலிஎத்திலீனில் கொஞ்சம் நைலான் சேர்க்கிறார்கள். துளிகளாக உடைத்துக் கலந்தால் ஆவி துளிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் வேண்டுமென்றே அரைகுறையாகக் கலந்து, மேலே சொன்ன 'தகடு' கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சுவருக்குள் நைலான் ஓடு வேய்ந்தமாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிற்கும், ஆவி சந்துபொந்தாகச் சுற்றிச் சுற்றி வெளியேற வேண்டியிருக்கும். டூபாண்ட் இதை செலார் என்ற பெயரில் விற்றது. இதைப் படித்த அன்று 'நன்கு கலக்கவும்' என்ற வாக்கியத்தின்மேல் இருந்த மரியாதை எனக்குப் பாதி போய்விட்டது.

எக்ஸ்ட்ரூடரை விட்டு வெளியே வந்ததும் கதை முடிவதில்லை. கலவையை மறுபடி உருக்கி மோல்டுக்குள் பீச்சும்போது, குளிர்ந்த சுவரில் படும் பகுதி உடனே உறைந்துவிடும். அங்கே துளிகள் ஓட்டத்தின் திசையில் இழுபட்டு நூலாகவே நின்றுவிடும். நடுப்பகுதி மெதுவாகக் குளிர்வதால், அங்கே உள்ள துளிகளுக்கு உருண்டு திரள நேரம் கிடைக்கும். ஒரே பொருளின் தோலும் சதையும் வேறு வேறு. சோதனைக்கு எங்கிருந்து துண்டு வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இதெல்லாம் உருக்கிச் செய்யும் கனரக வேலை, நுட்பமான இடங்களில் இப்படி இருக்காது என்று நினைத்தால், அங்கே இன்னும் மோசம். பிளாஸ்டிக் சூரிய மின்கலத்தில் பாலிமரையும் ஃபுல்லரீன் என்ற கார்பன் பந்து மூலக்கூறின் வழிப்பொருள் ஒன்றையும் கரைப்பானில் கரைத்து மெல்லிய படலமாக உலர்த்துவார்கள். (ஃபுல்லரீன் பாலிமர் அல்ல, ஆனால் பிரிந்து நிற்கும் கதை ஒன்றுதான்.) ஒளி பட்டதும் பாலிமரில் எழும் கிளர்ச்சி சுமார் 10 நானோமீட்டர் தூரத்துக்குள் ஃபுல்லரீனைச் சந்தித்தாகவேண்டும், இல்லாவிட்டால் வீணாக அணைந்துபோகும். 2001இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் சரிசிஃப்சி குழுவினர் அதே பாலிமரையும் அதே ஃபுல்லரீனையும் டொலுவீனுக்குப் பதில் குளோரோபென்சீனில் கரைத்தார்கள். திறன் 0.9 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமானது. டொலுவீன் படலத்தில் ஃபுல்லரீன் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் கட்டிகளாகத் திரண்டிருந்தது, மற்றதில் நுணுக்கமாகப் பரவியிருந்தது. இரண்டு கரைப்பானும் கடைசியில் ஆவியாகிப் போய்விட்டவை. காய்ந்த படலத்தில் இருக்கும் பொருள்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. சூடுபடுத்தும் வித்தையும் அப்படித்தான். 2005இல் ஹீகர் குழு வேறொரு பாலிமர் ஜோடியை 150 டிகிரியில் அரை மணி வைத்து 5 சதவீதத்தைத் தொட்டது. அதே சூட்டை வரம்பு மீறி நீட்டித்தால் ஃபுல்லரீன் படிகங்கள் மைக்ரான் அளவுக்கு வளர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இனி, இதெல்லாம் நம் குப்பைக்கூடைக்கு வரும் இடம். பால் கவரும் பாட்டில் மூடியும் ஒன்றாக உருக்கப்பட்டால் என்ன கிடைக்கும்? தனித்தனியே இரண்டுமே நீண்டு வளையும் பிளாஸ்டிக்குகள். சேர்ந்தால் பெரும்பாலும் சட்டென்று அறுந்துவிடும் ஒன்று. துளிக்கும் ஊருக்கும் இடையே பிடிப்பே கிடையாது, இழுத்தால் அங்கேதான் பிளக்கும். நல்ல எக்ஸ்ட்ரூடரில் ஓட்டித் துளிகளைப் பொடிப்பொடியாக்கினால் சற்றுத் தேறும். ஆனால் மறுசுழற்சியில் அந்தப் பொருள் மறுபடி உருகவேண்டியிருக்கிறது, வேறொரு பட்டறையில், வேறொரு சூட்டில். உருகி நின்ற நேரத்தில் துளிகள் பழையபடி திரண்டுவிடும். முதல் பட்டறையில் செலவழித்த மின்சாரம் அவ்வளவும் வீண். 'எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கிவிடலாம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி இதுதான்: ரெண்டாவது தடவை உருக்கிக் காட்டுவீர்களா?

இயந்திரம் செய்த வேலையை நிலைக்கவைக்க வேதியியலின் கை வேண்டும். 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் சேர்ந்து ஒரு சங்கிலியைச் செய்தார்கள். அதில் ஒரு துண்டு பாலிஎத்திலீன், அடுத்தது பாலிப்ரொப்பிலீன், மறுபடி பாலிஎத்திலீன், மறுபடி பாலிப்ரொப்பிலீன், ஆக நான்கு துண்டு. துளியின் எல்லையில் இந்தச் சங்கிலி போய் நின்று இரண்டு பக்கத்தையும் தைத்துவிடும், துளிகள் ஒட்டித் திரள்வதையும் தடுக்கும். 70க்கு 30 பாலிஎத்திலீன்-பாலிப்ரொப்பிலீன் கலவையில் இதை 1 சதவீதம் சேர்த்ததற்கே நொறுங்கிய கலவை நீண்டு கொடுத்தது. பங்காளிகளைச் சேர்த்துவைக்க ரெண்டு வீட்டு ரத்தமும் உள்ள ஒருத்தர் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் ஷாம்பூ பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோண அம்புகளுக்குள் 2 என்று இருந்தால் அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன், 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். அந்த எண் என்ன சரக்கு என்பதைச் சொல்கிறது. எத்தனை முறை உருகியது, எவ்வளவு நேரம் உருகி நின்றது, எதோடு சேர்ந்து உருகியது என்பதற்கு அங்கே எண் எதுவும் கிடையாது.